ஆசிரியர் கூட்டத்தில் ஏன் யாரும் பேசுவதில்லை?

கேள்வி: குளச்சலை அடுத்த ஓர் உயர்நிலைப் பள்ளியில் சென்ற ஜூன் மாதம் தலைமை ஆசிரியையாகப் பொறுப்பேற்றேன். தனியார் நிறுவன மேலாளரான என் தம்பி தந்த நிர்வாக நூல்களைப் படித்துவிட்டு, ஆசிரியர் கூட்டத்தில் பாடவாரியாகத் தேர்ச்சி இலக்கு வைத்தேன். அன்றிலிருந்து யாரும் மனம் விட்டுப் பேசுவதில்லை. நிறுவனத் தலைமைப் பாடங்கள் பள்ளிக்குப் பொருந்தாதா?
- ஒரு தலைமை ஆசிரியை, கல்குளம் வட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பொருந்தும், ஆனால் நீங்கள் எடுத்துக்கொண்ட பாடம் நிறுவனங்களிலேயே கேள்விக்குள்ளானது. தர மேலாண்மையின் முன்னோடிகளில் ஒருவரான எட்வர்ட்ஸ் டெமிங் வகுத்த 14 நெறிகளில் எட்டாவது, பணியிடத்திலிருந்து அச்சத்தை அகற்றுவது. பதினொன்றாவது, எண்ணிக்கை இலக்குகளைக் கைவிடுவது. மருத்துவமனைக் குழுக்களில் மருந்து தருவதில் நேரும் பிழைகளை ஆராய்ந்த எமி எட்மண்ட்சன் 1996-இல் வெளியிட்ட கட்டுரையோ, நல்ல தலைமை வாய்த்த குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாயின என்று காட்டியது. அங்கே இருந்தவர்கள் பிழையைச் சொல்ல அஞ்சவில்லை என்பதே அவர் கண்ட விளக்கம்.

பள்ளியில் மறைக்கப்படும் பிழை எதுவென்று எண்ணிப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு வந்தும் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க இயலாத பிள்ளையை வகுப்பாசிரியர் அறிவார். சொன்னால், இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி வரும் என்பதையும் அறிவார். உங்கள் பகுதியில் இன்னொன்றும் உண்டு. மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், பள்ளி திறக்கும் நாள்களிலேயே பல வீடுகளில் வருமானம் நின்றுபோகிறது. அப்போது வகுப்புக்கு வராத பிள்ளையின் வீட்டு நிலைமை கடற்கரை ஊரிலிருந்து வரும் ஆசிரியருக்குத் தெரிந்திருந்தாலும், தேர்ச்சிப் பட்டியலை வைத்து நடக்கும் கூட்டத்தில் அதைச் சொல்ல அவருக்கு இடமில்லை.

மேலிடத்து ஆய்வுக் கூட்டங்களில் உங்களிடமும் சதவீதம்தான் கேட்கப்படும் என்பதை நான் மறக்கவில்லை. அந்த அழுத்தத்தை அப்படியே ஆசிரியர்கள் தலையில் இறக்காமல் தாங்கிக்கொள்வதும் உங்கள் பொறுப்பே. அடுத்த கூட்டத்தில், உங்கள் சொந்த வகுப்பில் உங்களால் தேற்ற முடியாத ஒரு பிள்ளையைப் பற்றி முதலில் நீங்களே பேசி, யோசனை கேளுங்கள். அன்று எவரும் பேசாவிட்டாலும் வருந்த வேண்டாம். முதலில் பேச முன்வரும் ஆசிரியருக்கு நீங்கள் என்ன மறுமொழி சொல்கிறீர்கள் என்பதையே மற்றவர்கள் கவனிப்பார்கள். அவரிடம் விளக்கம் கேட்காமல், அந்தப் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுத்தர வாரத்தில் எத்தனை பாடவேளை வேண்டும் என்று கேட்டு, கால அட்டவணையை அன்றே மாற்றிக் கொடுங்கள்.