கனமான ரைபிளை மலை வேட்டைக்கு இலகுவாக்குவது எப்படி?

கேள்வி இதுதான்: 26 அங்குலத் தடித்த பேரல் (குழாய்) கொண்ட ரெமிங்டன் 700 ரைபிள், ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) 5 கிலோ, அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் எல்க் என்கிற பெரிய மான் வேட்டைக்குத் தூக்கிப்போக வேண்டும், எங்கே குறைக்கலாம்?

முதலில் பேரலைத் தொடாதீர்கள். ஸ்கோப்பைப் பாருங்கள். பெரிய டார்கெட் ஸ்கோப் ஒரு கிலோவை நெருங்கும், 3-9x40 (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், 40 மி.மீ. முன் கண்ணாடி) போன்ற சாதாரண வேட்டை ஸ்கோப் 350 கிராம் அளவில் கிடைக்கும், எல்க் போன்ற பெரிய மிருகத்துக்கு அது தாராளம். அடுத்து ஸ்டாக், அதாவது தோளில் வைத்துப் பிடிக்கிற கட்டை: மரத்தை எடுத்துவிட்டு கார்பன் ஃபைபர் போட்டால் அரைக் கிலோ வரை குறையும், மழையில் உப்பி வளைகிற தொல்லையும் போகும்.

அப்புறம்தான் பேரல். நுனியில் ஓர் அங்குலம் வெட்டினால் 60 கிராம்தான் போகும், 4 அங்குலம் வெட்டினால் கால் கிலோ, கூடவே குண்டின் வேகமும் கொஞ்சம் குறையும். வீட்டில் ரம்பம் வைத்து வெட்டவே வெட்டாதீர்கள், நுனி விளிம்பு துளிகூடக் கோணாமல் இருந்தால்தான் குறி சரியாக விழும், அது துப்பாக்கி மெக்கானிக் லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) செய்கிற வேலை. அமெரிக்கச் சட்டப்படி 16 அங்குலத்துக்குக் கீழே போனால் தனிப் பதிவு வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். என்னைக் கேட்டால் வெட்டுவதைவிட மெல்லிய பேரலாக மாற்றிவிடுவதே நல்லது, நடுவிலும் எடை குறையும்.

இன்னும் ஒன்று, ரைபிளின் எடை 5 கிலோவிலிருந்து 3.5 ஆகக் குறைந்தால் அதே தோட்டாவின் உதை ஆற்றல் சுமார் 40 சதவீதம் கூடும். உதையைத் தாங்க ஸ்டாக்கின் பின்முனையில் நல்ல ரீகாயில் பேட் (ரப்பர் மெத்தை) போட்டு, புதிதாகக் குறி சரிபார்த்துவிட்டே மலையேறுங்கள், காயம்பட்ட எல்க் தப்பி ஓடிச் சாவது கொடுமை.