அமரில்லிஸ் இலை தொங்கினால் முதலில் கிழங்கைத் தொட்டுப் பாருங்கள்

வணக்கம் சகோதரி. தினமும் இரு வேளை நீர் ஊற்றியும் தொட்டியிலுள்ள அமரில்லிஸ் பூச்செடியின் இலைகள் தொங்குகின்றன என்று எழுதியிருந்தீர்கள். என் கணிப்பில் அந்த இரு வேளை நீர்தான் காரணம். நானும் உங்களைப் போல மலேசியாவின் சுங்கை சிப்புட்டில்தான் இருக்கிறேன். இங்கே மாலை மழையே பாதி நீரை ஊற்றிவிடுகிறது.

கிழங்கின் கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். வெங்காயம் போலக் கெட்டியாக இருந்தால் பயமில்லை. அமுங்கினால் உடனே பிடுங்கி, அழுகிய செதில்களையும் கறுத்த வேர்களையும் வெட்டிவிட்டு, இரண்டு நாள் நிழலில் உலர்த்துங்கள். தோட்டத்துச் செம்மண் மட்டும் வேண்டாம், இறுகிவிடும். அதனுடன் ஆற்றுமணலும் தேங்காய் நார்த்தூளும் சம அளவில் கலந்து, கிழங்கில் மூன்றில் ஒரு பங்கு வெளியே தெரியும்படி நடுங்கள். தொட்டிக்கு அடியில் நீர் தேங்கும் தட்டை எடுத்துவிடுங்கள். மேல்மண் இரண்டு விரற்கடை காய்ந்த பிறகே நீர்.

கிழங்கு கெட்டியாக இருந்தும் இலை நீண்டு சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. காலை வெயில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) போடும் யூரியா உரத்தை அள்ளிப் போடாதீர்கள், இலைதான் கொழுக்கும். பச்சை இலையைத் தயவுசெய்து வெட்டாதீர்கள்! அடுத்த பூவுக்கான உணவைக் கிழங்கில் சேர்ப்பது அதுதான். குச்சி நட்டு, வாழைநாரால் தளர்வாகக் கட்டினால் போதும்.