12 வயதுப் பிள்ளைக்குக் கொரோனா ஊசி: நீங்கள் கேட்டதும் என் பதிலும்

2022 மார்ச் 16-இல் 12–14 வயதுப் பிள்ளைகளுக்கும் கொரோனா ஊசி போடத் தொடங்கினார்கள். இந்தப் பதில்கள் அந்த மாதம் எழுதியவை; ஊசி விதிகளும் அப்போதையவை. சளி, இருமலுக்காகப் பிள்ளையைக் கூட்டி வருகிறவர்கள்கூட, கிளம்பும்போது கதவருகே நின்று இதைத்தான் கேட்கிறார்கள். இந்த வாரம் எழுதிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் குழந்தை மருத்துவர். என் மகனுக்கு 16 வயது. அவனுக்கு ஜனவரியிலேயே கோவேக்சின் போட்டுவிட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

டாக்டரம்மா, பிள்ளைகளுக்குக் கொரோனா வந்தால் இரண்டு நாள் காய்ச்சலோடு போய்விடுகிறதே, பிறகு எதற்கு ஊசி? (ஈரோடு, மகளுக்கு 13 வயது)

நீங்கள் பார்த்தது சரிதான். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படித்தான் போகிறது. இல்லையென்று சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன். ஆனால் சில பிள்ளைகளுக்குத் தொற்று வந்துபோன இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் மறுபடி கடும் காய்ச்சல், கண் சிவப்பு, தடிப்பு, வயிற்றுவலி வரும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இதயம், குடல் என்று பல உறுப்புகளைத் தாக்கும் நிலை அது. அபூர்வம்தான். இரண்டாவது அலை ஓய்ந்த பிறகு அப்படி வந்த பிள்ளைகளைத் தீவிர சிகிச்சையில் பார்த்திருக்கிறேன். "காய்ச்சலே வரலையேம்மா, கொரோனா எப்ப வந்துச்சுன்னே தெரியலையே" என்று அழுத அம்மாக்களை மறக்க முடியவில்லை.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஊசி போட்டவர்களுக்கும் 2022 ஜனவரியில் ஒமிக்ரான் வகைக் கொரோனா வந்தது. தொற்றே வராமல் தடுக்கும் என்று நம்பிப் போடாதீர்கள். நோய் முற்றாமல் காப்பதுதான் அதன் முக்கிய வேலை. சர்க்கரை, அதிக உடல் எடை, இதய நோய், சிறுநீரக நோய் உள்ள பிள்ளையென்றால் யோசிக்கவே வேண்டாம், போடுங்கள். ஆரோக்கியமான பிள்ளைக்கு ஆபத்து குறைவு, அதனால் கிடைக்கும் பலனும் சிறியதுதான். இருந்தாலும் என் கணக்கில் தட்டு ஊசிப் பக்கம்தான் சாய்கிறது.

அவசரத்தில் தயாரித்த ஊசி, பிள்ளைகள் மேல் சோதித்துப் பார்க்கிறார்கள் என்கிறார்களே? (தருமபுரி)

இது கேட்க வேண்டிய கேள்வி. கேட்டதற்காக யாராவது உங்களை மட்டமாகப் பேசினால் தப்பு அவர்கள் மேல்.

கோவேக்சினைப் பிள்ளைகளிடம் பரிசோதிக்க அனுமதி கிடைத்தது 525 பேருக்கு. காய்ச்சல், கைவலி மாதிரி அடிக்கடி வருவதையும், எதிர்ப்புச் சக்தி உருவாகிறதா என்பதையும் பார்க்க இந்த எண்ணிக்கை போதும். லட்சத்தில் ஒருவருக்கு வரும் விளைவு 525 பேரில் தெரியவே தெரியாது. அதற்குப் பெரிய எண்ணிக்கை வேண்டும். 2022 ஜனவரி 3-இல் 15–18 வயதினருக்குக் கோவேக்சின் போட ஆரம்பித்த பிறகு நாடு முழுக்க 5 கோடிக்கும் அதிகமான பிள்ளைகள் முதல் ஊசி போட்டிருக்கிறார்கள். இப்போது நான் சாய்வது அந்த அனுபவத்தின் மேல்.

தயாரிக்கும் முறையும் புதிதல்ல. கோவேக்சினில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ்; நாய்க்கடிக்குப் போடும் ஊசியும் அதே வகைதான். 12–14 வயதுக்குப் போடும் கோர்பிவேக்ஸில் முழு வைரஸே இல்லை. வைரஸின் முள் போன்ற பகுதியிலிருந்து ஒரு துண்டுப் புரதத்தை மட்டும் ஈஸ்ட்டில் வளர்த்தெடுக்கிறார்கள். உங்கள் பிள்ளை பிறந்த அன்றே ஆஸ்பத்திரியில் மஞ்சள் காமாலைக்கு, அதாவது ஹெபடைடிஸ் பி-க்கு, ஊசி போட்டிருப்பார்கள். அதையும் ஈஸ்ட்டில்தான் தயாரிக்கிறார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, ஊசியால் பையன்களுக்கு இதய வீக்கம் வருகிறது என்கிறான். (மதுரை, மகனுக்கு 15 வயது)

உங்கள் தம்பி சொல்வது கட்டுக்கதை இல்லை. ஃபைசர், மாடர்னா போன்ற எம்ஆர்என்ஏ ஊசிகளுக்கு (வைரஸ் புரதத்தைச் செய்யும் குறிப்பை உடம்புக்குக் கொடுக்கும் வகை) பிறகு, முக்கியமாக இரண்டாவது ஊசி போட்ட ஒரு வாரத்துக்குள், வளரிளம் பையன்களுக்கு அபூர்வமாக இதயத் தசை அழற்சி வருகிறது. பெரும்பாலோர் ஓய்வும் சிகிச்சையும் எடுத்துக் குணமாகிவிடுகிறார்கள். இங்கே பிள்ளைகளுக்குப் போடும் கோவேக்சினும் கோர்பிவேக்ஸும் அந்த வகை இல்லை. ஆனாலும் எந்த ஊசி போட்டாலும் சரி, பிள்ளை நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுத் திணறல் என்று சொன்னால் "வாயு" என்று சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு இருக்காதீர்கள். உடனே கூட்டிப் போங்கள்.

பெண் பிள்ளைக்குப் போட்டால் பின்னாடி குழந்தை பிறக்காது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. (விழுப்புரம்)

பிறக்கும் தாயே. இந்த ஊசி கருப்பையையோ சினைமுட்டையையோ தொடுவதில்லை. 2017-இல் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போட்டபோதும் இதே மாதிரி வாட்ஸ்அப் வதந்தியால் நம்மூர்ப் பெற்றோர் பள்ளிக்கூட வாசலில் நின்று மறுத்தார்கள். ரூபெல்லா ஊசி போடுவதே அந்தப் பெண்களுக்கு நாளைக்குப் பிறக்கப்போகும் குழந்தையைக் காப்பாற்றத்தான். அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

என் பையனுக்கு ஜனவரியில் கொரோனா வந்தது. இப்போது போடலாமா?

2022 மார்ச் விதிப்படி, குணமாகி மூன்று மாதம் கழித்துப் போடுங்கள். ஏப்ரல் கடைசி என்று குறித்து வையுங்கள்.

ஊசி போட்டால் மயங்கி விழுகிறார்களாமே? (திருநெல்வேலி, பள்ளி ஆசிரியர்)

ஆமாம் சார், இந்த வயதில் அது சகஜம். மருந்தைவிடப் பயமும் காலி வயிறும்தான் அதிகம் காரணம். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். உட்கார வைத்துப் போடுங்கள். ஒருத்தி மயங்கினால் வரிசையில் நிற்பவர்களும் மயங்குவார்கள், அதனால் போடும் இடத்தை மறைவாக வையுங்கள். 30 நிமிடம் காத்திருக்கச் சொல்வது வேறு காரணத்துக்காக: கடும் ஒவ்வாமை வந்தால் அது பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும், கொடுக்க மருந்தும் அங்கேயே இருக்கும்.

இன்னொரு உதவியும் செய்யுங்கள். 2022 மார்ச் நிலவரப்படி 12–14 வயதுக்குக் கோர்பிவேக்ஸ் மட்டும்தான். ஒரே முகாமில் கோவேக்சினும் கோர்பிவேக்ஸும் இருந்தால், குப்பியில் உள்ள பெயரை நர்ஸிடம் கேட்டுப் பார்த்த பிறகு கையைக் காட்டச் சொல்லுங்கள். 28 நாள் கழித்துப் போடும் இரண்டாவது ஊசியும் அதேதான்.

காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுக்கலாமா? மே மாதம் பத்தாம் வகுப்புப் பரீட்சை வேறு இருக்கிறது.

முன்கூட்டியே கொடுக்க வேண்டாம். காய்ச்சலோ வலியோ வந்தால் பாராசிட்டமால், ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 40 கிலோ பிள்ளைக்கு 500 மி.கி. மாத்திரை ஒன்று. அடுத்தது ஆறு மணி நேரம் கழித்துத்தான். ஆஸ்பிரின் கூடவே கூடாது. பரீட்சைக்கு முந்தின இரண்டு மூன்று நாட்களைத் தவிர்த்து, ஒரு வெள்ளிக்கிழமை போடுங்கள்.

ஊசி போடாவிட்டால் வகுப்பில் விட மாட்டோம் என்கிறது பள்ளி.

கட்டாயம் இல்லை. மத்திய அரசே 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. தலைமை ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள். மிரட்டலுக்குப் பணிந்து நீங்கள் ஊசி போடுவதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. அந்தக் கோபத்தில் போடாமல் விட்டாலும் வருத்தப்படுவேன்.

எனக்கு 64 வயது. பேத்திக்கு 8. அவளுக்கு எப்போது போடலாம்? (தஞ்சாவூர்)

2022 மார்ச் நிலவரப்படி 12 வயது முடியாத பிள்ளைகளுக்கு இங்கே ஆரம்பிக்கவில்லை அம்மா. அதற்காகத் தனியாரிடம் அலைய வேண்டாம். உங்களுக்கு இரண்டாவது ஊசி போட்டு ஒன்பது மாதம் ஆகிவிட்டதா? 60 வயது தாண்டிய எல்லோருக்கும் 2022 மார்ச் 16 முதல் மூன்றாவது ஊசி போடத் தொடங்கினார்கள். பேத்தியைவிட உங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். முதலில் நீங்கள் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.