வாசகர் கேள்வி: நகரத்துக்கு மேல் திணறும் விமானம்

கேள்வி: மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020 என்ற விமான விளையாட்டில் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை ஓட்டுகிறேன். கடலுக்கு மேல் நொடிக்கு 50 பிரேம் (திரையில் மாறும் படம்) வருகிறது. சிங்கப்பூரின் மரினா பே பக்கம் திரும்பினால் 24க்கு இறங்கி, விட்டுவிட்டு ஓடுகிறது. புதிய கிராஃபிக்ஸ் கார்டு போட்டும் அதே கதைதான். டெரெய்ன் லெவல் ஆஃப் டீட்டெய்ல் (நிலம் எவ்வளவு தூரம்வரை விவரமாகத் தெரியும் என்ற அளவு) 200இல் இருக்கிறது. எதைக் குறைப்பது?
- பொங்கோல் வாசகர்

பதில்: கார்டை மாற்றியும் முன்னேற்றம் இல்லை என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. திணறுவது பெரும்பாலும் சிபியு, அதாவது கணினியின் மையச் செயலி. நிலம், கட்டடம், போக்குவரத்து, விமானத்தின் கணக்குகள் ஆகியவற்றில் பெரும்பங்கு மெயின் த்ரெட் என்ற ஒற்றை இழையில் ஓடுகிறது. 30 பிரேம் வேண்டுமானால் அந்த இழை ஒவ்வொரு சுற்றையும் 33 மில்லிநொடிக்குள் முடித்தாக வேண்டும். முடியாவிட்டால் எத்தனை விலை கொடுத்து வாங்கிய கார்டும் சும்மா காத்திருக்கும்.

முதலில் இதை உறுதிசெய்யுங்கள். மரினா பே மேல் 1,500 அடியில், ரெண்டர் ஸ்கேலிங்கை (காட்சியை எவ்வளவு நுணுக்கமாக வரைவது என்ற விகிதம்) 100இலிருந்து 70க்கு இறக்குங்கள். பிரேம் அசையவில்லை என்றால் சிபியுதான். ஏறினால் கார்டு, அப்போது மேகத்தின் தரத்தையும் ரெண்டர் ஸ்கேலிங்கையும் குறைத்தால் போதும், நிலத்தைத் தொடாதீர்கள். விளையாட்டின் டெவலப்பர் மோடில், பிரேம் எண்ணிக்கையைக் காட்டும் டிஸ்ப்ளே எஃப்பிஎஸ் பெட்டியைத் திறந்தால், தடை மெயின் த்ரெட்டா ஜிபியுவா (கிராஃபிக்ஸ் கார்டா) என்று அதுவே சொல்லிவிடும்.

சிபியு என்று தெரிந்தால் டெரெய்ன் 200ஐ 100 ஆக்குங்கள். விவரம் தெரியும் தூரம் இரட்டிப்பானால் பரப்பளவு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. அதனால்தான் இந்த ஒரு எண் இவ்வளவு கனக்கிறது. கட்டடம் போன்ற பொருள்களுக்கான ஆப்ஜெக்ட்ஸ் லெவல் ஆஃப் டீட்டெய்லையும் 100இல் வையுங்கள். வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்குகள் நெருக்கமாக நிற்கும் இடங்களில் இதன் வேலையும் லேசானதல்ல. விமானப் போக்குவரத்தை அணைத்து, காக்பிட் திரைகளின் புதுப்பிப்பு வேகத்தை மீடியமுக்கு மாற்றுங்கள்.

பிறகு டெரெய்னை மட்டும் 25, 25ஆக ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே உயரம், அதே நேரம், அதே வானிலை இருக்க வேண்டும். நேரடி வானிலையை வைத்து அளந்தால் மேகம் மாறியதா செட்டிங் மாறியதா என்றே புரியாது. நகரத்துக்கு மேல் 33, 34 பிரேமாவது நிற்கும் எண்ணோடு நிறுத்துங்கள். சாங்கி விமான நிலையத்தில் இறங்கும்போது அந்த மிச்சம் தேவைப்படும். 60 ஹெர்ட்ஸ் திரையானால் விசின்க் (பிரேமைத் திரையின் வேகத்தோடு ஒத்திசைக்கும் வசதி) வழியாக 30இல் பூட்டிவிடுங்கள். 24க்கும் 50க்கும் இடையே ஊசலாடுவதைவிட நிலையான 30 கண்ணுக்கு எவ்வளவோ இதம்.

இன்னொன்று: உயரத்தில் பறக்கும்போது தொலைநிலம் நிறையத் தெரியும், அங்கே 200 பயன்தரும். தாழப் பறக்கும்போது 100க்கும் 200க்கும் வித்தியாசம் காண்பது கடினம். ஒரே எண்ணை எல்லாப் பயணத்துக்கும் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை.

கேள்வி: டெரெய்னைக் குறைத்தபின் ஓடுபாதைக் கோடுகள் தூரத்தில் மங்குகின்றன. கட்டடங்கள் உருகிய மெழுகுபோல் இருக்கின்றன.
- தெம்பனிஸ் வாசகர்

பதில்: இரண்டும் வேறு வேறு கோளாறு. கோடுகளுக்கு, சாய்ந்த பரப்புகளைத் தூரத்திலும் கூர்மையாகக் காட்டும் அனிசோட்ராபிக் ஃபில்டரிங்கை 16 மடங்காக்குங்கள். இக்காலக் கார்டுகளுக்கு இது பெரிய சுமை அல்ல. உருகிய கட்டடங்கள் இணையத்திலிருந்து முழு விவரம் வந்துசேராததன் அடையாளமாக இருக்கலாம். ஓரிடத்தில் நின்று பாருங்கள்: சற்று நேரத்தில் தெளிந்தால் இணைப்பு தாமதம், தெளியாவிட்டால் டெரெய்ன் எண் போதாமல் இருக்கலாம். அடிக்கடி ஒரே ஊரில் பறப்பவர்கள் ரோலிங் கேஷை (இறக்கிய காட்சித் தரவைச் சேமித்துவைக்கும் இடம்) எஸ்எஸ்டி என்ற வேகமான வட்டில் வைப்பது நல்லது.

கேள்வி: மடிக்கணினியில் முதல் 15 நிமிடம் அருமை, பிறகு பிரேம் பாதியாகிறது. செட்டிங் எதையும் மாற்றவில்லை.
- ஈசூன் வாசகர்

பதில்: சூடுதான் முதல் சந்தேகம். குளிர்சாதனம் இல்லாத அறையில் 31 பாகை என்றால் மடிக்கணினிக்கு மூச்சு முட்டும். தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். டாஸ்க் மேனேஜரில் சிபியு வேகம் கிகாஹெர்ட்ஸில் தெரியும். பிரேம் விழும் நேரத்தில் அதுவும் விழுந்தால் பெரும்பாலும் சூடுதான். பின்பக்கத்தை உயர்த்தி வையுங்கள், விசிறித் துளைகளின் தூசியை எடுங்கள், 30இல் பூட்டுங்கள். வேகம் விழாமல் பிரேம் மட்டும் விழுந்தால் கார்டின் நினைவகம் நிரம்பியிருக்கலாம். டெக்ஸ்சர் ரெசல்யூஷனை (பரப்புகளின் படத்தரம்) ஒரு படி இறக்கிப் பாருங்கள்.