அம்மப்பாவின் பித்தளைத் திசைகாட்டியால் வயல் எல்லையை அளக்கலாமா?

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டத்தில் வெல்லாவெளிப் பக்கம் எங்களுக்கு ஒரு வயல் காணி இருக்கிறது. என் அம்மப்பா அந்தக் காலத்தில் ஒரு சேவையரோடு, அதாவது நில அளவையாளரோடு, அளவுச் சங்கிலி பிடித்தவர். அவருடைய பெட்டகத்தில் உள்ளங்கை அளவில் வட்டமான பித்தளைக் கருவி ஒன்று கிடைத்தது. ஒரு பக்கம் மடக்கி நிமிர்த்தும் தகடு, நடுவில் நூல் போல் கம்பி. எதிர்ப்பக்கம் சிறிய கண்ணாடிக் கட்டை. உள்ளே எண்கள் தலைகீழாக இருக்கின்றன, வடக்கில் 180 என்று போட்டிருக்கிறது! காணியின் பழைய படமும் கையில் உண்டு. பக்கத்துக் காணிக்காரர் வரம்பை எங்கள் பக்கம் தள்ளிவிட்டதாகச் சந்தேகம். இதை வைத்து நாங்களே அளக்கலாமா? புளி போட்டு மினுக்கலாமா?

பதில்: உங்களிடம் இருப்பது அரியத் திசைகாட்டி. 1812இல் சார்ள்ஸ் ஷ்மால்கால்டர் என்பவர் லண்டனில் காப்புரிமை பெற்ற அமைப்பு. 180 பிழையல்ல. இந்தக் கருவியில் எண்வட்டம் காந்த ஊசியோடு ஒட்டியே சுழலும். நீங்கள் வடக்கைப் பார்த்து நிற்கும்போது கண்ணருகே இருக்கும் கண்ணாடிக் கட்டை, அதாவது அரியம், வட்டத்தின் தெற்கு முனைக்கு மேலே வரும். அந்த நேரம் 0 என்று வாசிக்க வேண்டும் என்பதற்காகத் தெற்கில் 0 போட்டு, வடக்கை 180 ஆக்கினார்கள். அரியம் பிம்பத்தைப் புரட்டுவதால் எண்களையும் புரட்டியே பொறித்தார்கள். தகட்டின் கம்பியைத் தூரத்து மரத்தில் பொருத்திக்கொண்டு, கண்ணை எடுக்காமலே அதன் திசைகோளை, அதாவது வடக்கிலிருந்து அது எத்தனை பாகை தள்ளி இருக்கிறது என்பதை, வாசித்துவிடலாம். கெட்டிக்காரத்தனமான வேலை.

சரி, எல்லைக்கு வருவோம். இதில் நம்பி வாசிக்கக்கூடியது அரைப் பாகை வரைதான். உங்கள் வயலின் ஒரு பக்கம் 5 சங்கிலி, அதாவது 330 அடி என்று வையுங்கள். அரைப் பாகை பிசகினால் மறுமுனையில் ஏறத்தாழ 3 அடி விலகும். உங்கள் பிணக்கே அந்த 3 அடிக்குள்தான் இருக்கும்! அந்தக் காலச் சேவையர்கள் எல்லை மூலைகளுக்கு முக்காலியில் நிறுத்திக் கோணம் அளக்கும் தியோடலைட் கருவியை நம்பியதற்குக் காரணம் இதுதான். 20 விகலை (ஒரு பாகையில் 3600 விகலை) வரை வாசிக்கும் பழைய தியோடலைட்டில் அதே 330 அடிக்கு வரும் விலகல் அரை அங்குலத்துக்கும் குறைவு.

தியோடலைட் என்றதும் ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்த வில்லியம் லாம்டனின் பெரிய தியோடலைட் ஏறத்தாழ அரை டன் எடை. 1808இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி வளைந்துபோனது. மனுசன் பல வாரம் உட்கார்ந்து தானே தட்டி நிமிர்த்தினார்.

திசைகாட்டிக்கு இன்னொரு பலவீனம் இரும்பு. முள்ளுக்கம்பி வேலி, மின்கம்பி, உழவு இயந்திரம், சட்டைப்பையில் இருக்கும் போன் எதுவும் ஊசியை இழுக்கும். பரீட்சித்துப் பார்க்க ஆசையென்றால் மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டத்தருகே நின்று ஒரு வாசிப்பும், வாவிக்கரையில் தள்ளி நின்று ஒரு வாசிப்பும் எடுங்கள். வயலில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலையையும், அங்கே போய்த் திரும்பி முதல் மூலையையும் பாருங்கள். இரண்டு வாசிப்புக்கும் 180 பாகை வித்தியாசம் வரவேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு மூலையில் இரும்பு விளையாடுகிறது.

அப்புறம், ஊசி காட்டும் காந்த வடக்கு நிலையாக நிற்பதில்லை, ஆண்டுக்காண்டு மெல்ல நகரும். படத்தில் உள்ள வடக்கு அம்பு காந்த வடக்கா, பூமியின் வட முனையை நோக்கும் உண்மை வடக்கா என்பதும் தெரியவேண்டும். ஆகவே பழைய படத்தின் திசைகோளை இன்றைய ஊசியோடு அப்படியே ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். ஆனால் இரு பக்கங்களுக்கு இடைப்பட்ட கோணம் அப்படி மாறாது. ஒரு மூலையில் ஒரு பக்கம் 40, மற்றது 125 என்று வாசித்தால் கோணம் 85. வடக்கு எவ்வளவு நகர்ந்திருந்தாலும் இரண்டு வாசிப்பும் ஒரே அளவில் நகர்வதால் 85 அப்படியே இருக்கும். நான்கு மூலைக் கோணங்களையும் எடுத்துக் கூட்டுங்கள், 360க்கு ஒன்றிரண்டு பாகைக்குள் வந்தால் உங்கள் கை நல்ல கை. படத்தில் அதே மூலைகளில் பாகைமானியை வைத்துப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் நாலைந்து பாகை வேறுபட்டால் சந்தேகத்துக்கு இடமிருக்கிறது. அதற்கு மேல் இந்தக் கருவியிடம் கேட்கக் கூடாது.

சந்தேகம் பலப்பட்டால் பதிவுபெற்ற அனுமதிப்பத்திர நில அளவையாளரைக் கூப்பிடுங்கள். இலங்கையின் 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டம் இருக்கும்போது, நீங்கள் வாசித்த கோணத்தைக் காட்டி யாருடைய வரம்பையும் வெட்ட முடியாது. பழைய படத்தை அவரிடம் கொடுங்கள், அசலைக் கொடுக்க வேண்டாம், பிரதி போதும். எல்லைக் கல் எங்கேயாவது புதைந்து கிடந்தால் அதை அசைக்காமல் காட்டுங்கள். எந்தக் கோணத்தையும்விட அந்தக் கல் பெரிய சாட்சி.

புளி வேண்டவே வேண்டாம். குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு ஆகாது. பழைய கருவிகளின் பித்தளைக்கு மேல் மெல்லிய மெருகுப் பூச்சு உண்டு, அமிலமும் சாம்பலும் அதை உரித்துவிடும். அதற்குப் பிறகு நம் உப்புக்காற்றில் சீக்கிரமே பச்சை படியும். உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும். கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். மூடியில் ட்ரொட்டன் அன்ட் சிம்ஸ் என்று செய்த நிறுவனத்தின் பெயர் இருந்தால் 1826க்கும் 1922க்கும் இடைப்பட்டது என்று கொள்ளலாம். அம்புக்குறி முத்திரை இருந்தால் பிரித்தானிய அரசுச் சொத்தாக இருந்தது. இராணுவ வகையாக இருந்து, எண்களில் மங்கிய பசுமஞ்சள் பூச்சு தெரிந்தால் கவனம். உலகப் போர்க் காலத்தில் இருட்டில் ஒளிர ரேடியம் பூசினார்கள். ஒளி செத்தாலும் கதிர்வீச்சு சாகாது. சுரண்டாமல், திறக்காமல், பிள்ளைகள் கையில் கொடுக்காமல் வையுங்கள்.

ஊசியைத் தூக்கிப் பூட்டும் சிறு குமிழ் ஒன்று பக்கத்தில் இருக்கும். தகட்டை மடக்கினாலே பூட்டிக்கொள்ளும் வகையும் உண்டு. எடுத்து வைக்கும்போது பூட்டிவிடுங்கள். பூட்டாமல் ஆட்டிக்கொண்டு திரிந்தால் ஊசி நிற்கும் முனை மழுங்கி, வாசிப்பு ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வரும்.