ஏபிஎஸ் வந்தால் பயம் போய்விடுமா?

பாதுகாப்பு வசதி கூடினால் ஆபத்தும் கூடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி உண்மை.

என் மச்சான் திருவொற்றியூர்க்காரன். பழைய பைக்கில் போனபோது, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னர் லாரி தெரிந்தாலே பிரேக் மேல் விரல் போய்விடும். ஏபிஎஸ் (திடீரென்று பிரேக் போட்டாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) உள்ள வண்டி வாங்கிய பிறகு, அதே லாரிக்கும் மீடியனுக்கும் நடுவில் புகுந்து போகிறான். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் உயிர் போய் வந்தது. கேட்டால், "அதெல்லாம் பிரேக் பிடிக்கும் மாமா" என்கிறான். பயம் குறைந்த அளவுக்கு வேகத்தைக் கூட்டிக்கொள்கிறான், அவ்வளவுதான்.

1975-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் சாம் பெல்ட்ஸ்மன் இதைத்தான் சொன்னார்: கார் பாதுகாப்பு விதிகளால் உள்ளே இருப்பவர்கள் பிழைத்தார்கள், ஆனால் நடந்து போகிறவர்கள் அதிகம் அடிபட்டார்கள். ஜெர்மனியின் மியூனிக் நகர டாக்சிகளில் ஏபிஎஸ் பொருத்திப் பார்த்தபோதும் விபத்து குறையவில்லை. ஓட்டுநர்கள் வளைவில் வெடுக்கென்று திருப்பினார்கள்.

ஆனால் பெல்ட்ஸ்மன் கணக்கைப் பின்னால் வந்த பலர் ஏற்கவில்லை. சீட் பெல்ட் உயிர் காக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். என்னைக் கேட்டால், கைக்கும் காலுக்கும் தினமும் தெரிகிற வசதிதான் ஆளை மாற்றும். மடிந்து கிடக்கும் ஏர்பேக்கை யார் நினைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள்? இதைப் படித்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிவிடாதீர்கள், சாமி.