கிரெடிட் கணக்கில் இருக்கிறது, கல்லூரி ஏற்குமா? – பாடமும் பல்கலைக்கழகமும் மாறுவோருக்கான கேள்வி பதில்

கல்லூரி ஒன்றின் இணைத்தன்மைக் குழுவில் (ஓரிடத்தில் படித்த தாள் இன்னோரிடத்தின் தாளுக்கு ஈடாகுமா என்று பார்க்கும் குழு) பல ஆண்டுகள் இருந்து, இடம் மாறி வரும் மாணவர்களின் கோப்புகளைத் தாள் தாளாக ஒப்பிட்டுப் பார்த்தவள் என்ற முறையில் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

கேள்வி: வணக்கம் அம்மா. பி.எஸ்சி. இயற்பியலில் இரண்டு செமஸ்டர் முடித்துவிட்டேன். ஏபிசி (Academic Bank of Credits, கிரெடிட் வங்கி) கணக்கில் 44 கிரெடிட் (தேர்ச்சி பெற்ற தாள்களுக்கான மதிப்பலகு) காட்டுகிறது. வேறு பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாமா? (மாணவி, மதுரை)

பதில்: கணக்கில் கிரெடிட் இருப்பது வேறு, அதைப் புதிய பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்வது வேறு. பல்கலைக்கழக மானியக் குழு 2021 ஜூலையில் விதிமுறை வெளியிட்டுத் தொடங்கிய ஏபிசி, நீங்கள் படித்து வென்றதைப் பத்திரமாகப் பதிந்து வைக்கிறது; எந்தத் தாளுக்கு எந்தத் தாள் ஈடாகும் என்பதை அது முடிவு செய்வதில்லை. அந்த முடிவு நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகத்தின் கையில்தான் இருக்கிறது.

உங்கள் 44 கிரெடிட்டில் தமிழ் 6, ஆங்கிலம் 6, துணைப்பாடக் கணிதம் 8, திறன் மற்றும் பொதுத் தாள்கள் 6, இயற்பியல் முதன்மைத் தாள்களும் ஆய்வகமும் 18 என்று வைத்துக்கொள்வோம். மொழித்தாள்களும் பொதுத் தாள்களும் பெரும்பாலும் சிக்கலின்றி ஏற்கப்படும். கணிதத்தை அலகு அலகாக ஒப்பிடுவார்கள். ஐந்து அலகுகளில் நான்கு பொருந்தினால் குழு வழக்கமாக ஏற்றுக்கொள்ளும். இயற்பியல் முதன்மைத் தாள்கள் கணினி அறிவியலின் முதன்மைத் தாள்களுக்கு ஈடாகமாட்டா. ஆகவே 26 கிரெடிட் உங்களுடன் வரலாம். மீதி 18 கிரெடிட்டுக்கு ஈடாக நிரலாக்கம் முதலிய முதலாண்டுத் தாள்களை இரண்டாம் ஆண்டுப் பாடங்களோடு சேர்த்து எழுத வேண்டியிருக்கும். அந்தச் சுமையைத் தாங்க முடியுமா என்று யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: முதலில் மாற்றுச் சான்றிதழை வாங்கி வாருங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று புதிய கல்லூரியில் சொல்கிறார்கள். என் மகனுக்கு வாங்கிவிடட்டுமா? (ஒரு தாய், விழுப்புரம்)

பதில்: தயவுசெய்து இப்போது வாங்காதீர்கள். எந்தெந்தத் தாள்கள் ஏற்கப்பட்டன, எவற்றைக் கூடுதலாக எழுத வேண்டும், எந்தச் செமஸ்டரில் சேர்க்கை என்ற மூன்றும் எழுத்தில் கைக்கு வந்த பிறகே மாற்றுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழை வாங்கிய அன்றே பழைய கல்லூரியின் வருகைப் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கிவிடும். புதிய இடத்தில் மறுத்துவிட்டால் பையன் இரண்டுக்கும் நடுவில் நின்றுவிடுவான்.

என் மேசைக்கு வந்த ஒரு கோப்பு இன்றும் நினைவில் இருக்கிறது. அந்த மாணவர் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து அச்செடுத்து இணைத்திருந்தார். மதிப்பெண் பட்டியலிலுள்ள தாள் குறியீடுகளில் ஒன்றுகூட அதனோடு ஒத்துப்போகவில்லை. அவர் படித்தது பழைய ஒழுங்குமுறை, அச்செடுத்ததோ அடுத்து வந்த புதிய ஒழுங்குமுறை. சரியான பாடத்திட்டத்தைத் தேடி, பக்கத்துக்குப் பக்கம் கல்லூரி முத்திரை வாங்கி வருவதற்குள் சேர்க்கை நாள் முடிந்து, அவருக்கு ஓர் ஆண்டு வீணானது. குறியீடு பொருந்துகிறதா என்று பார்க்க அரைமணி நேரம் போதும். அந்த அரைமணி நேரத்தை உங்கள் மகன் இன்றே செலவிடட்டும்.

கேள்வி: எனக்கு இரண்டு அரியர் இருக்கின்றன. மாற முடியுமா? (மாணவர், சேலம்)

பதில்: தேர்ச்சி பெறாத தாளுக்குக் கிரெடிட் கிடையாது, ஆகவே மாற்றுவதற்கு அதில் எதுவும் இல்லை. அரியர் இருந்தால் விண்ணப்பத்தையே ஏற்காத பல்கலைக்கழகங்களும் உண்டு. முடித்துவிட்டுப் போவதே நல்லது.

கேள்வி: மூன்றாம் ஆண்டில் மட்டும் ஒரு பெயர்பெற்ற பல்கலைக்கழகத்துக்கு மாறி, அங்கேயே பட்டம் வாங்கலாமா? (மாணவர், கோவை)

பதில்: ஏபிசி விதிமுறைப்படி, பட்டம் வழங்கும் நிறுவனத்தில் குறைந்தது பாதிக் கிரெடிட்டையாவது நீங்கள் பெற்றிருக்க வேண்டும். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட் என்றால் 60ஐ அங்கே படித்துப் பெற வேண்டும். ஓர் ஆண்டில் சுமார் 40தான் கிடைக்கும். ஆகவே இயலாது. மாறுவதென்றால் இரண்டாம் ஆண்டுத் தொடக்கமே சரியான நேரம்.

கேள்வி: அப்பா தவறியதால் 2019இல் படிப்பை நிறுத்தினேன். அப்போது எழுதிய தாள்கள் இன்று செல்லுமா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: குடும்பத்துக்காகப் படிப்பை நிறுத்தியவர் மீண்டும் தொடங்க நினைப்பதே பெரிய செய்தி. ஆனால் ஏபிசி, 2021-22 கல்வியாண்டு முதல் பெற்ற கிரெடிட்டுகளுக்கே உரியது; அவற்றுக்கும் பொதுவாக ஏழு ஆண்டுகள்தான் ஆயுள். எனவே உங்கள் வழி அதுவன்று. படித்த பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் பழைய பதிவெண்ணைக் காட்டி, மறுசேர்க்கைக்கும் பழைய தாள்களை முடிப்பதற்கும் உள்ள காலவரம்பைக் கேளுங்கள். வரம்பு கடந்திருந்தால் தொலைநிலைக் கல்வியில் புதிதாகச் சேர்வது, பழையதை மீட்கப் போராடுவதைவிட விரைவாக முடியும் என்பது என் கருத்து.

கேள்வி: விடுபடும் தாள்களை ஸ்வயம் (மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளம்) வழியாக ஈடுகட்டலாமா? (மாணவி, நாகர்கோவில்)

பதில்: ஒரு செமஸ்டரில் ஒரு படிப்புக்கு வழங்கப்படும் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படிக்க மானியக் குழு அனுமதிக்கிறது. பதிவு செய்யும் முன்பே துறைத் தலைவரின் ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள். படித்து முடித்துச் சான்றிதழோடு வந்து கேட்பவர்களுக்கு உதவுவது கடினம்.

கேள்வி: சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. வேறு இடத்தில் இடம் கிடைத்துவிட்டது. கட்டணமும் அசல் சான்றிதழ்களும் திரும்பக் கிடைக்குமா? (ஒரு தந்தை, திருச்சி)

பதில்: சேர்ந்த நாளைக் கொண்டு கணக்கிடுவதில்லை, கல்லூரி அறிவித்த சேர்க்கையின் கடைசி நாளைக் கொண்டுதான் கணக்கிடுவார்கள். மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு அறிவிப்பின்படி, அந்த நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுத் தொகையும் (நடைமுறைச் செலவாக அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம்), அதன் பிறகு கடைசி நாளுக்குள் 90 விழுக்காடும், கடைசி நாள் கழிந்து 15 நாளுக்குள் 80 விழுக்காடும், 30 நாளுக்குள் 50 விழுக்காடும் திரும்பக் கிடைக்க வேண்டும். அதற்குப் பிறகு எதுவும் கிடைக்காது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்பதையும் அதே அறிவிப்பு சொல்கிறது. விலகல் கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் தேதியுடன் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதியை வைத்துத்தான் உங்களுக்கு வரவேண்டிய தொகை முடிவாகும்.